சர்க்கரை நோய்க்கு ‘ஒரு மரபணு’ கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சர்க்கரை நோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’, ‘உடல் பருமனுக்குக் காரணம் இந்த மரபணுதான்’ என்பன போன்ற தலைப்புகளைத் தங்கள் நாளிதழ் உள்ளிட்ட பல நாளிதழ்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காண்கிறேன். செய்தியின் உள்ளே ஆய்வாளர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. தலைப்புதான் அதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. அத்தகைய தலைப்புகள் மனத்தில் ஊன்றிவிடும் எண்ணம் ஒருவருடைய உடலை எவ்வளவு பாதிக்கும் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அண்ணனுக்கு 46 வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. எங்கள் அப்பாவுக்கும் அது இருந்தது. “அப்பாவிடமிருந்து வந்த மரபணு. அதை மாத்திரையா மாற்றிவிடப் போகிறது?” என்று சொல்லி, அண்ணன் நான்கு ஆண்டுகள் மருத்துவரிடம் போவதையே தவிர்த்தார். அவர் படிப்பறிவு இல்லாதவர் அல்லர். காலையில் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பிறகே வேறு வேலையைத் தொடுபவர். ஆனால் மரபணு என்றால் தலையெழுத்து என்றே அவர் புரிந்துகொண்டிருந்தார். நான்காம் ஆண்டின் முடிவில் விழித்திரையில் ரத்தக் கசிவு ஏற்பட்ட பிறகுதான் சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

அவருடைய புரிதல் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அரிவாள் செல் ரத்தசோகையில், ஒரே மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து (டி.என்.ஏ.வின் ஒரு வேதி அலகு) மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் நோய் உண்டாகிறது. மூளை நரம்புகள் சிதையும் ஹண்டிங்டன் நோய்க்கு, பழுதான மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பள்ளிப் பாடங்களில் மெண்டலின் பட்டாணிச் செடிகளும் இத்தகைய நோய்களுமே முன்னிற்பதால், படித்து முடித்தவர்கள் எல்லா நோய்களையும் அதே அச்சில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மாரடைப்பு, ஆஸ்துமா, மனச்சிதைவு என்று பெருவாரியான மக்களைத் தாக்கும் நோய்களும், உயரம், எடை போன்ற பண்புகளும் அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை.

இதை விளக்குவதற்கு வகுப்பில் நாணயங்களைப் பயன்படுத்துவேன். நான் கற்பித்தது பெண்கள் பள்ளி. நாற்பது மாணவிகளும் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டி, எத்தனை முறை தலை விழுந்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் கரும்பலகையில் அந்த எண்ணுக்கு மேலே ஒரு கட்டம் வரைவேன். கால் மணி நேரத்தில் ஐந்துக்கு மேலே கட்டங்கள் உயர்ந்துவிடும். நான்கும் ஆறும் அதை ஒட்டி நிற்கும். இரு பக்கமும் சரிந்துகொண்டே போய், ஒன்றும் ஒன்பதும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். பத்தும் தலையாகவே விழுந்தது என் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான். அடுத்து மாணவிகளின் உயரத்தை அளந்து அதேபோல் கட்டம் வரைந்தால், ஏறக்குறைய அதே மேடு எழும். பிறகு, ஏழு தலை விழுந்த ஒருத்தியைப் பார்த்து, “இவற்றில் எந்தத் தலை உன்னை ஏழாக்கியது?” என்று கேட்பேன். முதலில் விழித்துவிட்டு, பிறகு “எல்லாமும்தான்” என்பாள். அவ்வளவுதான் பாடம். மெண்டல் கண்ட தனித்தனிக் காரணிகள் ஏராளமாக ஒன்றுசேரும்போது உயரம் போல் சீராக ஏறி இறங்கும் பண்பு உருவாகும் என்பதைப் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1918இல் கணக்கிட்டுக் காட்டினார். நோயிலும் இதே கதைதான்: பரம்பரையாக வந்த சிறு சிறு ஆபத்துகளும் வாழ்க்கைமுறையால் வரும் ஆபத்துகளும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போது நோய் தலைகாட்டுகிறது.

ஃபிஷருக்குக் கணக்குதான் தெரிந்தது. அந்தக் காரணிகள் எங்கே இருக்கின்றன என்பது அண்மைக் காலத்தில்தான் தெரியவந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் நம் டி.என்.ஏ.வில் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதன் வரிசையைப் படிக்கும் மனித மரபணுத்தொகைத் திட்டம் 2003இல் நிறைவுற்றது. ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் பொது வரிசையிலிருந்து ஒரு மனிதர் சாதாரணமாக 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறார் என்பது பின்னர் அளக்கப்பட்டது. நோயுள்ளவர்கள், இல்லாதவர்கள் என ஆயிரக்கணக்கானோரின் டி.என்.ஏ.வில் இலட்சக்கணக்கான இடங்களை ஒப்பிட்டு, எந்த எழுத்து நோயாளிகளிடம் சற்றே கூடுதலாக உள்ளது என்று தேடுவதே இன்றைய முறை. 2007இல் பிரிட்டனில் 17,000 பேரைக் கொண்டு ஏழு நோய்களில் இவ்வாறு தேடியபோது இந்த முறை நிலைபெற்றது. 2022இல் உயரத்துக்கான ஆய்வு 54 லட்சம் பேரை எட்டியது. அதில் உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மாறுபாடுகள் கிடைத்தன. இத்தனையும் சேர்ந்து, ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை விளக்குகின்றன. பன்னிரண்டாயிரம் இடங்கள் சேர்ந்தும் பாதியைத் தொடாத ஒரு பண்புக்கு, ‘உயரத்துக்கான மரபணு’ என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எவ்வளவு பொருந்தாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘உடல் பருமன் மரபணு’ என்று பெயர் வாங்கிய எஃப்.டி.ஓ.வின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மரபணுவுக்குள் உள்ள ஒரு மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், அதை அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடையுடன் இருந்தனர் என்று 2007இல் தெரியவந்தது. உலகெங்கும் செய்தியானது. ஆனால் நோய்களோடு தொடர்புள்ள இத்தகைய மாறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை புரதத்தை உருவாக்கும் பகுதிகளில் இருப்பதில்லை. எந்த மரபணு எப்போது, எந்த அளவில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விசைகளில் இருக்கின்றன. விசை ஓர் அறையிலும் அது எரியவைக்கும் விளக்கு வேறோர் அறையிலும் இருக்கலாம். எஃப்.டி.ஓ. விஷயத்தில் அப்படித்தான் ஆனது. அங்குள்ள மாறுபாடு ஏறத்தாழ ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 உள்ளிட்ட வேறு மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது என்றும், அதனால் கொழுப்புச் செல்கள் கொழுப்பை எரிப்பதைக் குறைத்துச் சேமிப்பதைக் கூட்டுகின்றன என்றும் 2014, 2015ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. தலைப்பில் பெயர் வந்த மரபணு ஒன்று, வேலையைச் செய்த மரபணு வேறொன்று.

அடுத்தது விழுக்காட்டுக் கணக்கு. அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி, ஒரு தனியார் நிறுவனத்துக்கு உமிழ்நீரை அனுப்பிப் பெற்ற அறிக்கையை எடுத்துக்கொண்டு கலங்கிய முகத்தோடு வந்தாள். டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் அவளுக்கு ஒரு மாறுபாடு இருப்பதாகவும், சர்க்கரை நோய் ஆபத்து 40 விழுக்காடு அதிகம் என்றும் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எண்ணில் தவறில்லை, 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த, சர்க்கரை நோயோடு வலுவான தொடர்புள்ள, பலரிடமும் காணப்படும் மாறுபாடுகளில் ஒன்று அது. ஆனால் அவளோ, நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று எண்ணிவிட்டாள். அது இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் வருமென்றால், அதை ஒரு பிரதி பெற்ற நூறு பேரில் பதின்மூன்று அல்லது பதினான்கு பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். ஒரு தாளில் நூறு புள்ளிகள் வைத்து, பத்தைக் கறுப்பாக்கி, பிறகு மேலும் நான்கைக் கறுப்பாக்கிக் காட்டினேன். மீதமிருந்த வெள்ளைப் புள்ளிகளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரம்பரை ஒருபுறம் இருக்க, வாழும் சூழல் எவ்வளவு செய்துவிடும் என்பதற்குப் பிமா பழங்குடியினரைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமாக்களும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் பிமாக்களும் மரபுவழியில் மிக நெருங்கிய உறவினர். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி, அரிசோனாவில் வயதுவந்தோரில் 38 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. உடலுழைப்பும் மரபான உணவும் மாறாத மெக்சிகோப் பிமாக்களிடையே அது 7 விழுக்காடு அளவிலேயே நின்றது. மாரடைப்பிலும் இதுபோலவே. பரம்பரை ஆபத்து மிகுந்த பிரிவினருள்ளும், புகைபிடிக்காமல், எடையைக் கட்டுக்குள் வைத்து, உடற்பயிற்சியும் நல்ல உணவும் கைக்கொண்டவர்களுக்கு, அவ்வாறு செய்யாதவர்களைவிட இதய நோய் 46 விழுக்காடு குறைவாக இருந்ததை 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. என் அண்ணன் மருத்துவரைத் தவிர்த்த அந்த நான்கு ஆண்டுகளில் இதை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாகாதா என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நானே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஆய்வுகள் யாரிடம் நடந்தன என்பதையும் நம் செய்திகள் அநேகமாகக் கேட்பதில்லை. 2019இல் எடுத்த கணக்கின்படி, இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 விழுக்காடுதான். ஆயிரக்கணக்கான மாறுபாடுகளைக் கூட்டி ஒருவருக்குப் போடப்படும் ‘மரபணு ஆபத்து மதிப்பெண்’ அவர்களிடம் கணிக்கும் அளவுக்குப் பிற மக்களிடம் கணிப்பதில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகவும் பின்தங்குகிறது. வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்கு மாட்டிவிட்டு, நம் உடம்பில்தான் குறை என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது.

இவ்வளவும் சொல்வதால் இந்த ஆராய்ச்சிகளை நான் குறைத்து மதிப்பிடுவதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அளவுக்கு மீறி இயங்குவதால் கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் கண்டனர். அதே மரபணு செயலிழந்த ஒரு பிரதியோடு பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 28 விழுக்காடு குறைவாகவும், இதய நோய் ஆபத்து 88 விழுக்காடு குறைவாகவும் இருந்ததை டல்லஸ் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். அதன் வழியே உருவான மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. இயற்கையே நடத்திவைத்திருந்த சோதனையைப் படித்து மருந்து கண்ட இந்த வரலாறு, ஒரு முழுப்பக்கக் கட்டுரைக்கு உரியது. இத்தகைய கண்டுபிடிப்புகளின் பெரும் பயன், தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வதைவிட, நோய் எந்த வழியாக நடக்கிறது என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி இத்தகைய செய்தி வரும்போது, ‘காரணமான மரபணு’ என்பதற்குப் பதில் ‘தொடர்புள்ள மாறுபாடு’ என்று தலைப்பிடுங்கள். ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது என்பதோடு, நூறு பேரில் எத்தனை பேர் எத்தனை பேராக ஆகிறார்கள் என்பதையும், ஆய்வு எந்த மக்களிடம் நடந்தது என்பதையும் முதல் பத்தியிலேயே தாருங்கள். உள்ளே சரியாக எழுதியிருக்கும்போது தலைப்புக்காக இவ்வளவு மன்றாட வேண்டுமா என்று தங்களுக்குத் தோன்றலாம். என் அண்ணன் இன்றும் காலையில் தங்கள் நாளிதழைத்தான் கையில் எடுக்கிறார். விழித்திரை பாதிக்கப்பட்ட பிறகு, பெரிய எழுத்தில் உள்ள தலைப்புகளை மட்டுமே அவரால் படிக்க முடிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்