துருவோவின் வெடிமருந்து வண்டிகள்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

நெப்போலியனின் பீரங்கி அதிகாரிகளில் செனார்மோனை மிஞ்ச ஆளில்லை என்று அடித்து எழுதியிருக்கிறாய். 1807 ஜூன் 14 அன்று ஃப்ரீட்லாந்தில் 36 பீரங்கிகளைத் திரட்டி, காலாட்படையைப் பின்னே விட்டுவிட்டு, ரஷ்ய வரிசையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். மறுக்கவில்லை. ஆனால் அன்றைய கணக்கைப் பார். மொத்தம் சுட்டது 2,516. அதில் தகர டப்பியில் அடைத்த சிதறுகுண்டு 362தான், மிச்சம் பெரும்பாலும் சாதாரண இரும்புக் குண்டு. பீரங்கி ஒன்றுக்குச் சராசரி 70 வருகிறது. 12 பவுண்டர் பீரங்கிக்கு, அதாவது 12 பவுண்டு எடைக் குண்டு போடும் பீரங்கிக்கு, குண்டும் வெடிமருந்தும் சுமக்கும் மருந்து வண்டி ஒன்றில் கொள்வதே 68. வண்டி வண்டியாகக் காலியானதை அந்த நெருக்கத்தில் யாரோ தொடர்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் ஊறியவர் என்பதால்தான் என் ஓட்டு நெப்போலியனின் இன்னொரு பீரங்கி அதிகாரியான அந்துவான் துருவோவுக்கு.

1774 ஜனவரி 11 அன்று நான்சி நகரில் ரொட்டி சுடுபவர் வீட்டில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள். 1793இல் ஷாலோன் பீரங்கிப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குப் போனபோது கேள்வி கேட்டவர் கணித மேதை லாப்லாஸ். ஆணியடித்த செருப்போடு வந்த பட்டிக்காட்டானைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், பதில்களைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள் என்பார்கள். அடுப்பு வெளிச்சத்தில் படித்த கதையும் உண்டு. இதையெல்லாம் ஊரறியச் செய்தது அவர் இறந்தபின் பாதிரியார் லக்கோர்டேர் ஆற்றிய இரங்கல் உரை. அலங்காரம் கலந்திருக்கும். கணக்கில் கெட்டிக்காரர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஃப்ளூரஸ், ஹோஹென்லிண்டன் என்று களங்கள் கண்டார். 1805இல் டிராஃபல்கர் கடற்போரிலும் பிரெஞ்சுக் கப்பல் படையோடு இருந்தார். 1808இல் பேரரசர் காவற்படையின் பீரங்கிப் பிரிவுக்கு வந்த பிறகுதான் அவர் உயரம் தெரிந்தது.

அவர் கையிலிருந்த 12 பவுண்டரை எடுத்துக்கொள். பிரெஞ்சுப் பீரங்கிகளைச் சீரமைத்த கிரிபோவால் வகுத்த முறைப்படி குண்டின் எடையைப்போல் 150 மடங்கு உலோகம் குழாயில். நூறு பங்கு செம்புக்குப் பதினொரு பங்கு வெள்ளீயம். குழாய் மட்டும் ஏறத்தாழ 880 கிலோ. குண்டு கிட்டத்தட்ட 6 கிலோ, மருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு. இழுக்க 6 குதிரை, கையாள 15 பேர். கூடவே மூன்று மருந்து வண்டிகள், வண்டிக்குக் குறைந்தது நாலு குதிரை. ஆக ஒரு பீரங்கிக்கு 18 குதிரைக்குக் குறையாது. மூன்று வண்டியும் நிறைந்திருந்தால் 204 குண்டு, பீரங்கி வண்டியிலேயே இருக்கும் சிறு பெட்டியில் இன்னும் 9. நிமிடத்துக்கு ஒன்று வீதம் சுட்டால் மூன்றரை மணி நேரத்தில் துடைத்துவிடும். அதற்குள் பின்னாலிருந்து வண்டிகள் வந்து சேரவேண்டும்.

இதில் சறுக்குகிற இடங்கள் பல. 12 பவுண்டருக்கும் 8 பவுண்டருக்கும் வண்டியில் குழாயின் பக்க முளைகள் உட்கார இரண்டு ஜோடிப் பள்ளங்கள் உண்டு. ஒன்று பயணத்துக்கு, மற்றது சுடுவதற்கு. பயணத்தில் குழாயைப் பின்பள்ளத்துக்குத் தள்ளி வைத்தால் பாரம் குதிரை பூட்டிய முன்வண்டிக்கும் பகிர்ந்து போகும். சுடுவதற்கு முன் அந்த 880 கிலோவை நெம்புகோல் போட்டு முன்பள்ளத்துக்கு நகர்த்தியாகவேண்டும். எதிரியின் குண்டு எட்டாத தூரத்திலேயே இதை முடிக்காத அதிகாரி, களத்தில் சுடமுடியாத பீரங்கியோடு நிற்பார்.

அடுத்தது கெட்டிக்கும் வேலை. ஈரத்துடைப்பானால் குழாயைத் துடைத்து, மருந்துப்பையும் குண்டும் ஒன்றாகக் கட்டிய பொதியை உள்ளே தள்ளிக் கெட்டிக்கும்வரை, திரித்துளையை ஒருவர் தோலுறை போட்ட கட்டைவிரலால் அழுத்தி மூடியே இருக்கவேண்டும். விரல் விலகினால் காற்று உள்ளே ஓடி, மிஞ்சிய கங்கு கனன்று, மருந்து முன்கூட்டியே பற்றும். கோல் பிடித்தவரின் கை போகும். பையைக் கம்பளித் துணியில் தைத்ததும் இதற்காகத்தான். பருத்தியோ நாரோ என்றால் கங்கு தங்கும். பிறகு துளை வழியே ஊசியால் பையைக் குத்தி, மருந்துக் குழலைச் செருகி, தீ வைப்பார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் வண்டி பின்னால் பாயும். ஆட்கள் மறுபடி தள்ளிக்கொண்டுவந்து குறி சரிபார்க்கவேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது இந்தத் தள்ளும் வேலைதான்.

ஓட்டுநர்களையும் மறக்காதே. 1800 வரை குதிரை ஓட்டியவர்கள் குத்தகைக்காரரின் கூலியாட்கள். சண்டை முற்றினால் வாரை அறுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள், பீரங்கி அநாதையாக நிற்கும். அந்த ஆண்டில் அவர்களைச் சீருடைப் படையாக்கினார்கள். துருவோ செய்த பெரிய திரட்டல்கள் இது இல்லாமல் நடந்திருக்காது.

வாக்ராம் போரில் 1809 ஜூலை 6 அன்று தளபதி லோரிஸ்டோன் அமைத்த நூறு பீரங்கி வரிசையில் காவற்படைப் பீரங்கிகளோடு நின்று காலில் காயம்பட்டார். 1812இல் ரஷ்யப் பின்வாங்கலின்போது பீரங்கி வண்டியில் கண்ணாடியை மாட்டி, உறைபனியில் தினமும் முகம் மழித்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆட்கள் கலையாமல் இருக்க இதுவும் ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டிருப்பார் போல.

என் பார்வையில் அவருடைய உச்சம் 1813. ரஷ்யாவில் குதிரைகள் போய்விட்டன, குதிரைப்படை சொற்பம், காலாட்படையில் மீசை அரும்பாத பையன்கள். அந்த ஓட்டையை அடைக்கப் பீரங்கியைத் தவிர வேறு கருவி இல்லை. மே 2 அன்று லுட்சனில் மாலையில் 70, 80 பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்து எதிரி நடுவைக் கிழித்தார். அக்டோபர் 30 அன்று ஹானாவில் காட்டுக்குள்ளிருந்து முதலில் சில பீரங்கிகளை வெளியே இழுத்து, அவை சுடும் மறைவில் மிச்சத்தைக் கொண்டுவந்து ஐம்பதாக்கினார். எதிரிக் குதிரைப்படை பீரங்கி வாய்வரை வந்தது. ஆட்கள் கெட்டிக்கும் கோலாலேயே அடித்தார்கள். ஃப்ரீட்லாந்தில் செனார்மோனுக்குத் திறந்த வயல் கிடைத்தது. இங்கே மரங்களுக்கு நடுவே இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று நீயே யோசி.

நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவுக்கு வருகிறேன். முதல் நாள் இரவெல்லாம் மழை. தரை காயட்டும், தாக்குதலைத் தள்ளிவைப்போம் என்று பேரரசருக்குச் சொன்னவர் துருவோ. பீரங்கிக்காரராக அவர் சொன்னது சரியே. இரும்புக் குண்டு வெடிப்பதில்லை. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி கெட்டித் தரையில் தத்தித் தத்திப் போய்த்தான் வரிசை வரிசையாக ஆட்களை வீழ்த்தும். சேற்றில் முதல் தட்டிலேயே புதைந்துவிடும். வெடிக்கும் குண்டை உயர வளைத்து வீசும் ஹோவிட்சர் பீரங்கியின் குண்டு வெடித்தாலும் சேறு அதன் சில்லுகளை விழுங்கிவிடும். சக்கரமும் அச்சுவரை இறங்கும். ஆனால் காத்திருந்த மணி நேரங்களில் எதிரிக்குத் துணைவந்த பிரஷ்யர்கள் நெருங்கிவிட்டார்கள். பின்னாளில் இந்த யோசனைக்காகத் தன்னையே நொந்துகொண்டார். எனக்கென்னவோ பழி அவர்மேல் இல்லை. தரையின் நிலவரம் சொல்வது பீரங்கி அதிகாரியின் கடமை. பிரஷ்யர் எப்போது வருவார்கள் என்று கணக்குப் போடவேண்டியது நெப்போலியன்.

தோல்விக்குப் பிறகு புதிய அரசின் குற்றவாளிப் பட்டியலில் பெயர் வந்ததும் ஓடவில்லை, தானே சரணடைந்தார். 1816 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றம் விடுவித்தது. நான்சிக்குத் திரும்பி எளிமையாக வாழ்ந்தார், கடைசி ஆண்டுகளில் பார்வை போயிற்று, 1847 மார்ச் 24 அன்று காலமானார்.

செனார்மோன் 1810இல் காடிஸ் முற்றுகையில் இறந்துவிட்டார். 1813இன் குதிரைப் பஞ்சத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்று உனக்குத் தோன்றுவதை எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கணேசன்