கரையோரமாக ஒரு பயணம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிக் கழிப்பதென்று தெரியவில்லை என எழுதியிருந்தாய். எனக்கும் அந்தக் குறை இருந்ததால், சென்ற வாரம் மனைவியும் நானும் நம் குமரி மாவட்டத்தையே நிதானமாகச் சுற்றி வந்தோம். நாகர்கோவில் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கன்னியாகுமரியிலிருந்து கோவளம், மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கரையை ஒட்டியே காரில் சென்றோம்.

கடலைப் பார்க்கப் புறப்பட்ட என் மனத்தில் ஆறுகளே நிறைந்துவிட்டன. நெடுஞ்சாலையில் ஒரு நொடியில் கடந்துவிடும் ஆறுகள் எங்கே போய் முடிகின்றன என்பதை இந்தச் சாலைதான் காட்டுகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் பாய்ச்சிவிட்டு வரும் பழையாறு மணக்குடியில் காயலாக விரிந்து கடலில் சேர்கிறது. 2004 சுனாமி அங்கிருந்த பாலத்தை அடித்துச் சென்றதை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போதுள்ள பாலத்தின் மேல் நின்றபோது அந்த நாளைப் பற்றிப் பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை. கடியப்பட்டணத்தில் வள்ளியாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் கடலை அடைகின்றன.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்தையும் செம்மண் மேட்டையும் பார்த்துவிட்டு உடனே கிளம்பினோம். மணவாளக்குறிச்சியில்தான் வெகுநேரம் நின்றோம். அங்குள்ள கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்பாக அமைந்ததாம். குளச்சலில், 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை வென்றதன் நினைவுத் தூணைக் கண்டோம். அந்தப் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானதை நினைக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி, ரப்பர்த் தோட்டங்களின் ஊடாக மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். பறளியாற்றுக்கு மேலே ஏறத்தாழ 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்லும் அந்தப் பாலம் 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேட்டு நிலங்களுக்கும் நீர் எட்ட வேண்டும் என்று அன்று அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாமோ வயல்களை மனைகளாக்கி, வாய்க்கால்களைக் குப்பையால் அடைக்கிறோம். வழி நெடுக என்னை வருத்தியது இதுதான்.

மழை ஓய்ந்து மலைகள் தெளிவாகத் தெரியும் தை மாதத்தில் நீ குடும்பத்துடன் வா. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வீட்டிலேயே செய்து தருவதாக என் மனைவி சொல்லச் சொன்னாள். பேச்சிப்பாறை அணைக்கு நான் இம்முறை போகவில்லை; நீ வந்த பிறகு சேர்ந்து போகலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். எந்த வாரம் வசதிப்படும் என்று எழுது.

உன் அன்பு நண்பன்