மேல்மாடிக் கிழவரும் சாக்ஸபோனும்

லா சப்பல், பாரிஸ்
மாசி மாதம்

அன்புள்ள ஐயா, அம்மாவுக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. ஃபோனில கதைச்சா ஐயாவுக்கு விளங்குதில்லை எண்டு தங்கச்சி சொன்னவள், அதுதான் எழுதுறன். பிந்தினதுக்குக் கோவிக்க வேண்டாம். நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, வேலை செய்யிற இடத்திலயே சாப்பிடுறன். இங்க கடையளில முருங்கைக்காய், ஒடியல் மா எல்லாம் கிடக்கு. பார்த்துப்போட்டு வந்திடுவன்.

ஐயா கேட்டாச் சிரிப்பியள். என்ர அறைக்கு மேல ஒரு கிழவர் இருக்கிறார், சாக்ஸபோன் வாத்தியாரா இருந்தவர். காலமை பத்து மணிக்குத் தொடங்குவார். எனக்கு இரவு வேலை, அப்பதான் கண் அயரும். ஒருநாள் சண்டை பிடிக்கவெண்டே ஏறிப் போனன். கதவைத் திறந்தவற்ர வாயில சீவாளி, அந்த ஊதுற நாணல் தட்டு! எங்கட மாதிரி ரெண்டு தட்டில்லை, ஒற்றைத் தட்டு. நீங்கள் நாக்கில நனைக்கிற மாதிரியே நனைச்சுக்கொண்டு நிண்டார். எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரேல்லை. என்ர ஐயாவும் நாதஸ்வரம் ஊதுறவர் எண்டு கையால காட்டினன். உள்ள கூப்பிட்டுக் கோப்பி தந்தார்.

அவர் வாசிக்கிற உருப்படி 19ஆம் நூற்றாண்டில ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்து பாண்ட் மாஸ்டர் எழுதினது. அந்த மாஸ்டரின்ர பேர் சவாரி! மாட்டுவண்டில் ஞாபகம்தான் வந்தது. உருப்படிக்கு மூலம் வேபர் எண்ட ஜெர்மன்காரற்ர 'டெர் ஃபிரைஷூட்ஸ்' எண்ட ஒபேரா, இசை நாடகம். 1821இல பெர்லினில மேடையேறினது. கதையில ஏழு மந்திரக் குண்டு. ஆறு வேட்டைக்காரன் நினைச்ச இடத்தில படும், ஏழாவது பேய் நினைச்ச இடத்தில. சனத்துக்குத் தெரிஞ்ச அந்த மெட்டுகளை எடுத்துத்தான் சவாரி சாக்ஸபோனுக்கு விரிச்சிருக்கிறார். நீங்கள் திருவிழாவில விடியப்புறம் ஒரு சினிமாப் பாட்டை முதல் நேரா ஊதி, பிறகு பிருகாவா உதிர்ப்பியளே, அதே வேலைதான். கிழவர் ஒரு இடத்தில மூச்சு முட்டி நிப்பார். எந்த இடம் எண்டு எனக்கு இப்ப பாடம். நிக்காமல் போனாத்தான் முழிச்சிடுவன்.

சாக்ஸபோனைச் செய்த அடோல்ஃப் சாக்ஸும் இங்க வந்து குடியேறினவர்தான். 1842இல பெல்ஜியத்திலயிருந்து வந்தவர். தகப்பனும் வாத்தியம் செய்யிறவர். 1846இல காப்புரிமை எடுத்தார். புது வாத்தியத்துக்கு ஆர் உருப்படி வச்சிருக்கினம்? சவாரி மாதிரி ஆக்கள் எழுதினதைத் தானே அச்சடிச்சு வித்தார். 1852, 1873, 1877 எண்டு மூண்டு தரம் வங்குரோத்து. போன ஞாயிறு கிழவரோட மொன்மார்த்ர் சுடலைக்குப் போய் அவற்ர கல்லறையைப் பார்த்தனான். குளிர் எலும்புக்குள்ள இறங்குது. இவ்வளவு கடனோட அந்தாள் ஊருக்கு என்னத்தை எழுதியிருப்பாரோ.

நேற்றுக் கிழவர் வாசிக்கேக்க கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். கோயில் வீதி மணல், நீங்கள் ஊதி முடிச்சு சீவாளியைத் துணியில சுத்துறது... தவில் எங்கயோ விழவேணும் போல கிடந்தது, விழேல்லை. அதை விடுவம்.

தங்கச்சியின்ர கலியாணப் பேச்சை ஆவணிக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கோ. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், பாங்கில ஏதோ மாத்துறாங்களாம், யோசிக்க வேண்டாம். கிணத்தடிக் காணி உறுதியைச் சின்னண்ணையிட்டக் குடுக்காதேங்கோ, நான் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன். அம்மாவின்ர கண்ணை உடனை காட்டுங்கோ. ஐயா, உங்கட பழைய சீவாளி ஒண்டு, வெடிச்சதெண்டாலும் பரவாயில்லை, மாமி வரேக்க குடுத்துவிடுங்கோ. கிழவர் பாக்க ஆசைப்படுறார்.

இப்படிக்கு,
உங்கள் மகன்