தையல் அக்காவுக்கும் எங்கள் தெருவுக்கும் நன்றி

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

எங்கள் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மறுபடி ஓடுகிறது. இன்று காலை டேங்க் மேல் ஒரு பை, பின்னால் உட்கார்ந்த அப்பாவின் மடியில் ஒரு பை என்று மல்லிகை மொட்டை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போய் வந்துவிட்டோம். மேட்டில், இத்தனை நாள் நழுவிக்கொண்டிருந்த மூன்றாவது கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். நழுவவில்லை. இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தேன். அப்போதும் நழுவவில்லை. அப்பா பின்னாலிருந்து என் தோளை ஒரு அழுத்து அழுத்தினார். அதற்குப் பிறகு மார்க்கெட் வரைக்கும் ரோடு எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

போன ஒரு மாதம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் கைக்கு வந்த கஷ்டம், பட்டறையில் வண்டி கிடந்த நாட்கள், ஆட்டோவுக்கே போன பூக்காசு, அதையெல்லாம் திரும்ப எழுத மனசு வரவில்லை. அது முடிந்தது. நானே கியரைச் சரிசெய்ய இறங்கி, எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நாலு நாள் எஞ்சின் பிரிந்து கிடந்தபோது நீங்கள் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆர்எக்ஸ் 100 வண்டி 1985இல் வந்தது, 1996இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. எங்களுடையது 1994 மாடல். முப்பது வருஷத்துக்கு மேல் பூ சுமந்த வண்டிக்குக் கியர் தேய்ந்தால் அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவது கியரின் பக்கவாட்டில் இருக்கும் கட்டைப் பற்கள் அடுத்த கியரின் குழிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். அவற்றின் முனை மழுங்கிவிட்டால், முறுக்கும்போது வருகிற பாரமே பற்களை வெளியே தள்ளிவிடும். அதைத் தள்ளிப் பிடிக்கும் ஃபோர்க்கும் தேய்ந்திருந்தது. இந்த வண்டியில் கியர் பெட்டி தனியாகக் கிடையாது. பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க் தண்டு இருக்கிற அதே எஞ்சின் கூட்டுக்குள், அதாவது கேஸுக்குள்தான் கியரும் இருக்கிறது. அதனால் கியரைத் தொட வேண்டுமானால் எஞ்சினை இறக்கி, மேலே இருக்கும் சிலிண்டரை எடுத்து, கேஸை இரண்டாகப் பிளந்தே ஆக வேண்டும். பாலிடெக்னிக்கில் வெட்டி வைத்த மாதிரியில் நான் பார்த்தது அதுதான். பார்த்தது வேறு, வீட்டு வாசலில் அப்பாவின் வண்டியைப் பிளப்பது வேறு.

தைரியம் கொடுத்தவர் வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன். மேக்னட் புல்லர், இம்பேக்ட் டிரைவர் என்ற இரண்டு கழற்றும் கருவிகளையும் ஒரு ரூபாய் வாங்காமல் கொடுத்துவிட்டார். போனில் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "எஞ்சின் வண்டியில இருக்கும்போதே டைட்டான நட்டையெல்லாம் இளக்கிரு. கியரைப் போட்டு பின் பிரேக்கை மிதிச்சா ஷாஃப்ட் சுத்தாது. கீழே இறக்கிட்டா நீ நட்டைத் திருப்பினா எஞ்சினே சேர்ந்து திரும்பும்." கேஸைப் பிளக்கும்போது நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிவிடாதே என்று மூன்று தடவை சொன்னார். இது மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கேஸுக்குள்ளேதான் பெட்ரோலும் காற்றும் அமுங்கி மேலே போகின்றன. கேஸின் இரண்டு பாதியும் ஒட்டுகிற முகத்தில் ஒரு கீறல் விழுந்து காற்று இழுத்தால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் பிளந்தேன். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

எஞ்சினை இறக்கவும் ஏற்றவும் கை கொடுத்த எதிர்வீட்டுத் தம்பிகள் இருவர், மதுரையில் வாங்கிய கியர் பார்சலை இன்ஜின் பெட்டி மேல் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர், ராத்திரிக்கு வயர் இழுத்து விளக்குப் போட்டுத் தந்த மாமா, அத்தனை நாளும் எங்கள் பூவையும் தங்கள் வண்டியில் சேர்த்து ஏற்றிப்போன மேலத்தெருக்காரர்கள், மண்ணெண்ணெய் வாடையைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்வேன். ஆனால் தையல் அக்காவைப் பற்றி எல்லோரும் கேட்கும்படி சொல்லியாக வேண்டும். நடந்தது என்னவென்று அவர் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கேஸை மூடி, எஞ்சினை ஏற்றி, கிளட்ச் பக்கத்து மூடியையும் போட்டு முடித்துவிட்டேன். கிக்கரை மிதித்தால் கீழே போனது, திரும்பி வரவில்லை. உள்ளே கிக்கர் ஸ்பிரிங் கொக்கியில் மாட்டாமல் விட்டிருக்கிறேன். மறுபடி மூடியைக் கழற்றினேன். ஆயில் கசியாமல் இருக்க மூடிக்கும் கேஸுக்கும் நடுவில் வைத்த புதுக் கேஸ்கட் தாள் பாதி மூடியோடும் பாதி கேஸோடும் ஒட்டி இரண்டாகக் கிழிந்து வந்தது. ஞாயிறு சாயங்காலம், எந்தக் கடை திறந்திருக்கும்? கேஸ்கட் இல்லாமல் மூடினால் கியர் ஆயில் மொத்தமும் வழிந்துவிடும். திங்கட்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கிணற்றுத் தோட்டத்துத் தாத்தா தன் ஆயில் எஞ்சினுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பேக்கிங் ஷீட்டைக் கொண்டுவந்து போட்டார். மூடியின் முகத்தில் ஆயிலை லேசாகத் தடவி ஷீட்டில் வைத்து அமுக்கினால் அச்சு அப்படியே விழும். அச்சு விழுந்தது. வெட்டுவதுதான் வரவில்லை. ஓரம் சில இடத்தில் விரல் நகத்தைவிடக் குறுகல். வீட்டுக் கத்தரி ஷீட்டைக் கடித்துத் துப்பியது. ஒரு துண்டு வீணாகிப்போனது. இன்னும் ஒரு துண்டுக்குத்தான் ஷீட் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தார். ஸ்க்ரூ எதுவும் மாறிப்போகாமல் இருக்க, ஒரு அட்டையில் கேஸின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்திருந்தேன். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், மாறினால் மரை போய்விடும். அக்கா அந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தார். "என்ன பாப்பா, நீயும் பேப்பர் கட்டிங்தான் போட்டிருக்க" என்றார். அப்புறம் என் கையிலிருந்த கடிபட்ட துண்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய பெரிய கத்தரி.

அந்தக் கத்தரியைத் தெருவில் தெரியாதவர்கள் யார்? கத்தரிக்குப் பேர்போன வடக்கத்தி ஊரான மீரட்டின் கத்தரி. தொழில் பழகி முடித்த அன்று அவருடைய மாஸ்டர் கொடுத்தது. துணியைத் தவிர வேறெதிலும் அது பட்டதில்லை. பேப்பர் வெட்டினால் முனை மழுங்கிவிடும், பிறகு பட்டுத்துணியில் வழுக்கும், நூலை இழுக்கும். தன் மகள் பள்ளிக்கூட வேலைக்குக் கலர் பேப்பர் வெட்டக் கேட்டு அழுதபோதுகூட அக்கா கொடுக்கவில்லை. சின்ன வயதில் நானே ஒரு தடவை அதைத் தொட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேக்கிங் ஷீட் பேப்பரைவிட முரடு.

"அக்கா, இது வேணாம்க்கா" என்றேன்.

"ஷீட்டைப் பிடி" என்றார்.

உள்பக்கத்தை முதலில் வெட்டினார். வெளியை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க இடம் இருக்காது, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரிதான் என்றார். கத்தரியைத் திருப்பவே இல்லை. கத்தரி ஒரே இடத்தில் நின்றது, ஷீட்தான் அவர் இடது கையில் மெதுவாகச் சுற்றியது. முனகல்போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு வலித்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. முகத்தில் காட்டவில்லை. ஸ்க்ரூ ஓட்டைகளை மெக்கானிக் அண்ணன் சொன்னபடி மூடியின் மேலேயே ஷீட்டை வைத்து, சைக்கிள் பால்ரஸ் குண்டை ஒவ்வொரு ஓட்டையின் மேலும் வைத்து லேசாகத் தட்டி எடுத்தேன். அக்கா ஓரம் நகராமல் பிடித்துக்கொண்டார். மூடியில் வைத்துப் பார்த்தோம். எங்கேயும் ஒரு நூல்கூட வெளியே நீட்டவில்லை.

கத்தரியை முந்தானையில் துடைத்து, கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு தடவை பார்த்தார். "சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூடி மாட்டி, கியர் ஆயில் ஊற்றி, கிக்கரை மிதித்து, மூன்றாவது மிதியில் அந்தச் சத்தம் எழுந்தபோது மணி ஒன்பதரை. நீங்களெல்லாம் வாசலுக்கு ஓடி வந்தீர்கள். அக்கா வரவில்லை. ஜன்னலில் தையல் மெஷின் விளக்கு மட்டும் எரிந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாண ஜாக்கெட்டுகள் அவருக்கு இருந்தன. அதைப் பிறகுதான் அவர் மகள் சொன்னாள். அந்த ஜாக்கெட்டுகளை வெட்ட வேண்டிய கத்தரி அது.

இதை நான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். மற்றவர்கள் எனக்கு நேரம் கொடுத்தீர்கள், பணம் கொடுத்தீர்கள், தோள் கொடுத்தீர்கள். அதெல்லாம் பெரிது, குறைத்துச் சொல்லவில்லை. அக்கா கொடுத்தது அவருடைய சோற்றுக் கருவியின் கூர்மையை. இன்று காலை மார்க்கெட்டிலிருந்து வந்ததும் தரையில் குனிந்து எஞ்சினுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை.

தெருவில் யாருக்கு வண்டி நின்றாலும் இனி என் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பிளக் சுத்தம் செய்ய, கிளட்ச் கேபிள் மாற்ற, செயின் இறுக்க ஒரு காசு வேண்டாம். எஞ்சின் பிரிக்க வேண்டும் என்றால் அண்ணனைப் போனில் கேட்டுக்கொண்டு பிரிக்கிறேன். எஞ்சின் வேலை பழக ஆசைப்படுகிற பெண் பிள்ளைகள் சாயங்காலம் வந்தால் என் நோட்டைக் கொடுத்துச் சொல்லித் தருவேன்.

அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்து முதல் பறிப்பில் உங்களுக்கென்று ஒரு படி மொட்டு வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். இந்த வாரம் சாணைக்காரர் தெருவுக்கு வரும்போது கத்தரியை எடுத்து வையுங்கள். அவர் கல் சுற்றி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். பட்டுத்துண்டு ஒன்று கொண்டுவருகிறேன், வெட்டிப் பார்த்து நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அவரை அனுப்ப வேண்டும்.