பாப்பாவுக்கு நைனா எழுதுவது

குடியாத்தம்

அன்புள்ள பாப்பா,

"அந்த மருந்தே வேணாம் நைனா, நிறுத்தச் சொல்லுங்க" என்று என் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்தைப் பற்றிப் போனில் அழுதாய். பக்கத்தில் உன் அம்மா இருந்ததால் என்னால் விவரமாகப் பேச முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி பிடித்தது. போகப் போக அது நேராக முதுகுக்குப் பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தணிந்தது. குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் வாயுத் தொல்லை என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உன் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. டிஸ்சார்ஜ் காகிதங்கள் இருக்கும் அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு, கார் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்விட்டாள். அவசரப் பிரிவில் அவள் சொன்ன முதல் வார்த்தையே, "இவருக்கு இம்யூனோதெரபி ஓடுதுங்க" என்பதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் வைத்தியம் அது. அதைக் கேட்டதும் உடனே லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சாதாரண உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. சி.டி. ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது தெரிந்தது.

பித்தப்பைக் கல்லும் குடியும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். எனக்குக் கல்லும் இல்லை, குடியும் இல்லை என்று உனக்கே தெரியும். அதனால் மருந்தின் மேல் சந்தேகம் போனது. ஏன் என்று புரிந்துகொண்டால் உன் பயம் பாதி குறையும். நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள், அதாவது நோயை எதிர்த்துச் சண்டை போடும் வெள்ளை அணுக்கள், கண்டதையும் தாக்காமல் இருக்க, உடம்பே அவற்றுக்கு பிரேக் வைத்திருக்கிறது. புற்றுநோய்க் கட்டி அந்த பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பித்துவிடும். எனக்கு முதலில் சேர்த்து ஏற்றிய இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டும் அந்த பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள். இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். பிரேக் இல்லாத டி செல் சில சமயம் நம் உறுப்பையே தாக்கிவிடும். தோல், குடல், தைராய்டு, ஈரல் எல்லாம் அடிக்கடி அடிபடுகிறவை. கணையம் அபூர்வம், நூறு பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். வலியே இல்லாமல் லைபேஸ் மட்டும் ஏறுகிறவர்கள் அதைவிட அதிகமாம். அவர்களுக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது.

பாப்பா, சிறுநீரகத்திலிருந்து நுரையீரலுக்குப் போன கட்டிகளைச் சுருக்கியதும் இதே மருந்துதான். போன ஸ்கேன் படத்தை நீயே பார்த்தாய். அதை விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் உன் அம்மாவிடம் அப்படிச் சொல்லாதே. அவள்தான் என்னை இந்த வைத்தியத்துக்குச் சம்மதிக்க வைத்தாள். உன் வார்த்தை அவளை ராத்திரியெல்லாம் தூங்கவிடாது.

இப்போதைக்கு டாக்டர்கள் மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி நிவோலுமாப் மட்டும் தொடங்கலாமா என்பதை, வீக்கம் முழுசாக வடிந்த பிறகு பார்த்துச் சொல்வார்கள். நிறுத்தினால் நோய் உடனே பாய்ந்து வந்துவிடும் என்றும் நினைக்காதே. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்கள் பலருக்கும் பலன் நீடித்திருக்கிறது. எனக்கும் அப்படியே என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை, ஆனால் நம்புவதற்கு இடமிருக்கிறது.

வார்டில் பக்கத்துப் படுக்கையில் கொல்கத்தாக்காரர் ஒருவர். அவருக்கும் இதே வகை மருந்துதான், ஆனால் குடலில் கோளாறு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. ஆனாலும் காலையில் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்து இருவரும் கையை ஆட்டிக்கொள்வோம். நல்ல மனுஷன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்கக் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. யாராவது "ஸ்டீராய்டு கெடுதல்" என்றால் காதில் வாங்காதே. சர்க்கரை ஏறுகிறதா என்று தினமும் பார்க்கிறோம். ஸ்டீராய்டும் ஏற்றும், அடிபட்ட கணையமும் ஏற்றும். சாப்பாட்டில் எண்ணெயைக் குறைத்தாயிற்று. கேழ்வரகு களி உண்டு, வேர்க்கடலைச் சட்னி கிடையாது. வட ஆற்காட்டுக்காரனுக்கு அது பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். உன் அம்மா கீரையைக் கடைந்து, தாளிக்காமல் கொடுக்கிறாள். பரவாயில்லை, இறங்குகிறது.

உனக்கு ஒரு வேலை. இந்தப் பக்கவிளைவுகள் மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். எனக்குப் பேச முடியாத நேரத்தில் உன் அம்மா முதலில் உனக்குத்தான் போன் போடுவாள். முதுகுக்குப் பாயும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், மூச்சுத்திணறல், இதில் எது சொன்னாலும் "காலையில் பார்க்கலாம்" என்று விடாமல் உடனே வேலூருக்குக் கிளம்பச் சொல். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறது என்றால் அவசரமில்லை, ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கணையம் போதிய நொதி சுரக்கவில்லை என்று அர்த்தம், அதற்குச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை இருக்கிறது. மருந்துப் பெயர்களும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன் தம்பிக்கும் அனுப்பிவிடு.

லீவு கிடைத்ததென்று இப்போதே ஓடி வராதே. ஆடி முடியட்டும், வெயில் தணிந்ததும் மாப்பிள்ளையோடு வா. அடுத்த லைபேஸ் ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

அன்புடன்,
நைனா