அந்த வெள்ளை உறையில் மருந்தின் பெயரை எழுதுங்கள்

மலையக நகரங்களில் பார்மசி நடத்தும் முதலாளிமாருக்கும், கவுண்டரில் நின்று மருந்து கட்டித் தரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர்.

போன வருசம் ஜூலையில் ஒரு கிழமையாக மழை விடவேயில்லை. நனைந்துகொண்டே மலைக்குப் போன அம்மாவுக்குக் காய்ச்சல், தடிமன், மூக்கடைப்பு. தம்பி டவுனுக்குப் போய், "காய்ச்சலும் தடிமனும், மருந்து கட்டித் தாங்க" என்று கேட்டு மூன்று வெள்ளை உறைகளோடு வந்தான். உறைகளில் பேனையால் கோடு மட்டும் போட்டிருந்தது. இரண்டில் காலை, பகல், இரவு ஒவ்வொன்று. மற்றதில் இரண்டிரண்டு. அம்மா அப்படியே குடித்தார். காய்ச்சல் விடவில்லை என்று, வீட்டில் இருந்த பனடோலிலும் நாளுக்கு இரண்டு தடவை இரண்டிரண்டு போட்டுக்கொண்டார். எங்கள் லயத்தில் பனடோலை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. உப்பு, சீனி போல அதுவும் ஒரு வீட்டுச் சாமான்.

மூன்றாம் நாள் வாந்தி நிற்கவில்லை. தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து குடிச்சாங்க?" என்றுதான். நான் மூன்று உறைகளையும் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கோடுகளைத் தவிர அதில் எதுவுமில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற எனக்கு, பெற்ற தாய் என்ன விழுங்கினார் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிடத்தை நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தம்பி மறுபடி டவுனுக்கு ஓடி, குளிசை அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பிய பிறகு கணக்குத் தெரிந்தது. தடிமன் குளிசை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல். இரண்டிரண்டாகப் போடச் சொன்ன "காய்ச்சல் குளிசை"யும் பரசிட்டமோல்தான். வீட்டில் இருந்த பனடோலும் அதேதான். ஒரே மருந்து மூன்று பெயரில் உள்ளே போயிருக்கிறது. கூட்டினால் ஒரு நாளைக்குப் பதின்மூன்று குளிசை, ஆறரை கிராம். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. அம்மாவின் எடை 41 கிலோ. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த எட்டே கூடுதல், அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நம் தோட்டங்களில் 50 கிலோவைத் தொடாத பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பரசிட்டமோல் கூடினால் ஈரல் கெடும். முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஒரே தடவையில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டால், முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் அதை முறிக்கும் மருந்தை ஏற்றினால்தான் முழுப் பலன். மலைத் தோட்டத்திலிருந்து எட்டு மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி சேர்வது எல்லாருக்கும் வாய்க்காது. அம்மா ஒரே தடவையில் இல்லை, மூன்று நாளாகக் கூடுதலாகக் குடித்தவர். அவர் தப்பியது அதிர்ஷ்டம். சேலைனோடு அந்த மருந்தையும் ஏற்றி, நாளுக்கு நாள் இரத்தம் சோதித்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

கவுண்டரில் நின்ற அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. "பவர் கூடினதா ஒன்னு குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பவர்கள் நாங்கள்தான். ஒரு நாள் பேர் விழாவிட்டால் சம்பளத்தில் தெரியும். ஆனால் அந்தக் குளிசைக்குள் என்னென்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. உங்களிடம் கேட்க எனக்கு உள்ள உரிமை அது ஒன்றுதான்.

தடிமன் குளிசை என்பது பெரும்பாலும் ஒரு கூட்டு. பரசிட்டமோலோடு குளோர்பெனிரமின் இருக்கும், நாம் பிரிட்டோன் என்கிறோமே, அதுதான். மூக்கடைப்புக்கு பினைலெப்ரின் இருக்கும். சிலவற்றில் கஃபீனும் சேர்ந்திருக்கும். அம்மாவுக்கு மூன்றாவது உறையில் தந்த சின்னக் குளிசையும் பிரிட்டோன்தான். ஆக, அதுவும் இரட்டிப்பு. அது தூங்க வைக்கும் மருந்து. காலையில் அதைப் போட்டுக்கொண்டு, மழையில் வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு நிரையில் நிற்கும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். ரம்பொடை வளைவுகளில் ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் அதே ஆபத்து. சம்பள நாளில் சாராயமும் சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். ஆண்களில் வயதானவர்களுக்கு, புரஸ்டேட் வீங்கியிருந்தால், மூத்திரமே அடைத்துக்கொள்ளலாம்.

பினைலெப்ரின் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அதைவிட எனக்கு மனது ஆறாத ஒன்று உண்டு. வாய்வழியாக எடுக்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டெம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பலனில்லாத ஒன்றுக்காக அம்மா மாதிரி ஆட்கள் ஏன் பிரஷரைப் பணயம் வைக்க வேண்டும்?

பிள்ளைகளின் கதை இன்னும் பாரதூரம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டுத் தடிமன் பாணிகள் வேண்டாம் என்று பிரித்தானியா 2009 இலேயே அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்தியாவும் உத்தரவிட்டது. பிள்ளைக்காம்பராவில் விடும் கைக்குழந்தைக்கு ஒரு போத்தல் கேட்டு வரும் தாயிடம், தயவு செய்து முதலில் வயதைக் கேளுங்கள். பிறகு டொக்டரிடம் அனுப்புங்கள். கண்டிப் பக்கம் டெங்கு இருக்கிற காலத்தில், காய்ச்சல் என்று வருபவர்களுக்கு இபுபுரொபன், டைக்ளோபெனக் போன்ற வலி மருந்துகள் வேண்டவே வேண்டாம்.

இனி நான் கேட்பது. உறையில் மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள். இது நான் கண்டுபிடித்த புது யோசனை இல்லை. மருந்தை கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில்தான் போராடினார். 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானதும் அந்த எண்ணத்தில்தான். அரை நூற்றாண்டு கடந்தும் எங்கள் கைக்கு வருவது பெயரில்லாத உறை.

சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, எங்கள் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். தமிழில் எழுதினால் அம்மா தானே வாசிப்பார். குளிசையை அட்டையிலிருந்து கொட்டிக் கொடுக்காமல், அட்டையோடு வெட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டு கேள்வியும் கேளுங்கள். "வீட்டில் பனடோல் போட்டீங்களா?" "கிளினிக் கொப்பி இருக்கா?" பிரஷர், சீனி, ஈரல் வருத்தம் என்று எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நேரமில்லை என்பீர்கள். எனக்கும் அந்தக் கூட்டம் தெரியும். அரை நிமிடம் போதும்.

மூக்கு மட்டும் ஒழுகுகிறவருக்குக் காய்ச்சல் மருந்தும் சேர்ந்த கூட்டுக் குளிசை எதற்கு? அலர்ஜியால் வருசம் முழுக்கத் தும்முகிறவருக்கு, தூக்கம் குறைவாகத் தரும் லொராடடின் போன்ற ஒற்றை மருந்து கேட்டால் கிடைக்கும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றும் தேவைப்படாத தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணியும் ஓய்வும் போதும் என்று சொல்கிற பார்மசிக்காரரை நாங்கள் மறக்கமாட்டோம், அடுத்த தடவையும் அவரிடமே வருவோம்.

தமிழ் எழுத ஆளில்லாத கடைகளுக்கு இரண்டு ரப்பர் முத்திரை செய்து தர நினைத்திருக்கிறேன். செலவு என்னுடையது. ஒன்றில், "இதில் பனடோல் சேர்ந்திருக்கிறது, வேறு பனடோல் போட வேண்டாம்." மற்றதில், "தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம், மலைக்குப் போக வேண்டாம்." வரும் சம்பள நாளுக்கு முதல் ஞாயிறு, நோர்வூட்டிலிருந்து தொடங்கிக் கடை கடையாக நானே கொண்டுவருகிறேன். வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்