நண்பருக்குக் கடிதம்: ஏலம் கேட்டுவிட்டுக் காணாமற்போகிறவர்கள்

மார்த்தாண்டம்

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். அதனால் தேன் குப்பிகளை அடுக்கியிருக்கும் அறையை எப்போதும் தாழிட்டே வைக்க வேண்டியிருக்கிறது. வடசேரி வீட்டு மாடியில் திருவிதாங்கூர்க் காசுகளையும் சங்கு முத்திரை அஞ்சல்தலைகளையும் பரப்பி வைத்துப் படம் எடுப்பதாக நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். அதற்குப் பின் வந்த நான்கு பக்கப் புலம்பலைப் படித்து மகிழ முடியவில்லை.

ஏலத்தில் ஒரு சக்கரக் காசை (பழைய திருவிதாங்கூர் நாணயம்) வென்றுவிட்டு இதுவரை வாய் திறக்காதவர் ஒருவர். பணம் அனுப்பியதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட் காட்டிக் காசை வாங்கிக்கொண்டவர் ஒருவர். காசு போலியானது என்று சொல்லித் திருப்பி அனுப்பிய உறைக்குள் தேய்ந்துபோன வேறொரு காசை வைத்தவர் ஒருவர். மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றி, இணையத்தில் வாங்குகிறவன் எல்லாம் கள்ளன் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். அங்கேதான் நான் உன்னோடு மாறுபடுகிறேன். முதலாமவர் சொன்ன சொல்லைக் காக்காதவர். மற்ற இருவரும் திட்டமிட்டு வந்தவர்கள். முன்னவருக்கு ஒரு கெடுவும் ஒரு விதியும் போதும். பின்னவர்களுக்கோ, பொருள் உன் கையை விட்டுப் போவதற்கு முன்பே நீ சேர்த்து வைக்கும் சான்று வேண்டும். பார்சல் போன பிறகு விற்பவனால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதுதான் இத்தனை காலம் தேன் விற்றதில் நான் கண்டது.

ஏலம் கேட்டுவிட்டு மறைகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. கடைசி நிமிடத்தில் இன்னொருவர் விலையை ஏற்ற ஏற்ற, வீம்புக்கு நூறு நூறாகக் கூட்டிக்கொண்டே போய், வென்ற பிறகு கணக்குப் பார்த்து வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள். சிலர் ஒரே வகைக் காசை மூன்று இடங்களில் கேட்டு வைத்திருந்து, மலிவாகக் கிடைத்த இடத்தில் முடித்துக்கொள்கிறார்கள். ஈபே தளத்தில் இதற்கு விதி உண்டு: வென்றவர் நான்கு நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் விற்பவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம், அது வாங்கியவரின் கணக்கில் பதிவாகும், அப்படிப் பதிவானவர்கள் உன் பொருளைக் கேட்க முடியாதபடி அமைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நீயோ சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏலம் நடத்துகிறாய். அங்கே விதியை நீதான் எழுத வேண்டும். வென்றவர் 48 மணி நேரத்துக்குள் பணம் செலுத்த வேண்டும், தவறினால் அடுத்த விலை கேட்டவருக்குக் கொடுக்கப்படும் என்று ஏல அறிவிப்பின் கீழேயே போட்டுவிடு. ஒருமுறை மரியாதையாக நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போய்விடு. சக்கரக் காசை வென்றவருக்கு நீ அடுக்கடுக்காக அனுப்பிய செய்திகளை எனக்கும் அனுப்பியிருந்தாய். கடைசிச் செய்தியில் அவருடைய வளர்ப்பையே பழித்திருக்கிறாய். முப்பது ஆண்டு வாத்தியாராக இருந்தவன் எழுதக்கூடியதா அது? அவர் அதை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டால், பணம் கட்டாதவர் யார் என்பதை எல்லோரும் மறந்துவிட்டு உன் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

தோவாளைச் சந்தையில் பூவுக்கு விலை பேசிவிட்டு எடுக்காமல் நழுவுகிறவன், மறுநாள் விடிவதற்கு முன்பு அதே வியாபாரியின் முகத்தில் விழித்தாக வேண்டும். இணையத்தில் அந்த வெட்கத்துக்கு இடமில்லை. அதனால்தான் கெடுவைக் கறாராக வைக்கச் சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட் காட்டியவர் விஷயம் வேறு. அப்படிப்பட்ட படத்தை உருவாக்கித் தரும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கியிலிருந்து வந்ததுபோலக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே படத்தையும் பார்க்காதே, குறுஞ்செய்தியையும் நம்பாதே; உன் வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை ஏறியிருக்கிறதா, அவர் சொல்லும் பன்னிரண்டு இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார். பணத்தைப் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண்ணை அழுத்த வேண்டியதில்லை. எவராவது ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்து பின் எண் போட்டால் பணம் வரும் என்று சொன்னால், உன் பணம் போகப்போகிறது என்று பொருள். தனியாள் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கேட்டு யுபிஐ கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்றால், அதன் வழியாக எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார். ராணுவத்தில் வேலை செய்கிறேன், அவசரம், கூரியர்க்காரரை நானே அனுப்புகிறேன் என்று தொடங்கும் உரையாடலை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்.

இதைவிட நுட்பமான ஒரு வலை இருக்கிறது. அதைப் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் விலை உயர்ந்த காசு விற்கிற உனக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். ஏமாற்றுகிறவர் உன்னிடம் பத்தாயிரம் ரூபாய்க்குக் காசு பேசி முடிப்பார். உன் க்யூஆர் கோடைக் கேட்டு வாங்குவார். அதே கோடை வேறெங்கோ இருக்கும் ஓர் அப்பாவிக்கு அனுப்பி, வேலைக்கான முன்பணம் என்றோ வாடகை வீட்டு அட்வான்ஸ் என்றோ சொல்லி அவரைப் பணம் கட்ட வைப்பார். உன் கணக்கில் உண்மையாகவே பணம் ஏறும். நீயும் நிம்மதியாகக் காசை அனுப்பிவிடுவாய். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்து உன் கணக்கில் அந்தத் தொகையை, சில வேளைகளில் கணக்கையே, முடக்கிவிடுவார்கள். காசும் போய், பணமும் போய், நீ குற்றவாளி இல்லை என்பதை வேறொரு மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை வரும். ஆகவே பணம் அனுப்பியவரின் பெயரும் பொருள் கேட்டவரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள். வேறு பெயராக இருந்தால் காரணம் கேள்; மனைவியின் கணக்கு என்றால் அந்த மனைவியிடமே ஒருமுறை பேசு. தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்பவரிடம், உங்கள் வங்கி வழியாகக் கேளுங்கள் என்று சொல்லிவிடு; வேறோர் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

மாற்றிவைத்த காசுக்கு வருகிறேன். கோபத்தை ஒதுக்கிவிட்டு யோசி: நீ அனுப்பியது அந்தக் காசுதான் என்பதை மூன்றாவது மனிதர் ஒருவருக்கு எதைக் காட்டி நிறுவுவாய்? ஒரே வகைச் சக்கரக் காசுகள் ஆயிரக்கணக்கில் புழங்கின. ஆனால் இந்த ஒரு காசின் விளிம்பில் உள்ள கீறலும், எழுத்தில் உள்ள தேய்மானமும், துல்லியத் தராசு காட்டும் எடையும் வேறெதற்கும் அப்படியே அமையாது. இரு பக்கத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எடையோடு சேர்த்து, பணம் வாங்குவதற்கு முன்பே வாங்குபவருக்கு அனுப்பிவிடு. அஞ்சல்தலைக்கு ஓரத்துத் துளைப்பற்களின் ஒழுங்கும் முத்திரை விழுந்த இடமுமே கைரேகை. பிறகு, காசை உறையிலிட்டு ஒட்டி முகவரியை எழுதுவது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடு. நான் ஒவ்வொரு தேன் பார்சலையும் அப்படித்தான் எடுக்கிறேன். தராசில் வைத்த எடையும் கூரியர் ரசீதில் உள்ள எடையும் ஒத்துப்போவதால், ஒரு குப்பி குறைந்திருந்தது என்று சொல்கிறவரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டிய தேவையே வருவதில்லை. கிடைக்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களுக்காக இன்னொன்று: பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள் அல்லவா, அதில் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டினால், பெறுபவர் ஓடிபி சொன்னால்தான் உறையைக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் விலை போகிற காசுக்கு அந்த 5 ரூபாயில் கஞ்சம் பிடிக்காதே.

எல்லாப் புகாரையும் பொய் என்று தள்ளவும் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் பக்கத்துத் தேனீக்கள் ரப்பரின் தளிரிலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் சேர்க்கின்றன. அந்தத் தேன் சீக்கிரம் உறைந்து சர்க்கரைபோலப் படியும். சென்னையில் இருக்கும் ஒருவருக்கு அது தெரிய நியாயமில்லை. சர்க்கரைப் பாகை விற்றுவிட்டாய் என்று அவர் கத்தும்போது, குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைக்கச் சொல்லி எழுதினால் பாதிப் பேர் நன்றி சொல்கிறார்கள். அதன் பிறகும், திருப்பி அனுப்ப மாட்டேன், முழுப்பணமும் வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றை நட்சத்திரம் போடுவேன் என்று நிற்பவர்தான் ஏமாற்றுகிறவர். ஒவ்வொரு முறை பிழிந்த தேனிலும் ஒரு குப்பியை முத்திரையிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள், நானும் மாதிரியைக் கொண்டு வருகிறேன் என்று பதில் எழுதுவதோடு அந்த மிரட்டல் நின்றுவிடுகிறது. பொருள் உண்மையிலேயே குறைபாடு உடையதாகவோ, சொன்ன தன்மையில் இல்லாததாகவோ இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அதை மீறாதவனுக்குத்தான் பொய்ப் புகாரை எதிர்த்துப் பேசும் துணிவு வரும். பொருளைக் கையில் வாங்கும்போது பணம் என்ற முறையைப் பொறுத்தவரை, போக்குவரத்துச் செலவை மட்டுமாவது முன்பே வாங்கத் தொடங்கிய பிறகு, வாசலில் நின்று வேண்டாம் என்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் ‘பணம்’ என்ற பழைய வெள்ளிக் காசைக் கேட்பதாகவும், உறையின்மேல் நினைவுப் பொருள் என்று எழுதி அனுப்பச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். செய்யாதே. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தை விட்டுவிட்டு வியாபாரமாகப் பார்த்தாலும், உன்னையும் ஒரு பொய்யில் கூட்டாளியாக்குகிறவர் நாளைக்குப் பொருள் வரவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்டால், நீ யாரிடம் போய் முறையிடுவாய்?

கடனுக்கு எடுக்கும் மொத்த வியாபாரிகள் உனக்கு இல்லை, எனக்கு உண்டு. இணையத்தில் என்னைக் கண்டுபிடித்துத் தேன் எடுத்த வெளியூர்க் கடைக்காரர் ஒருவர், இரண்டு மாதம் இன்று நாளை என்று இழுத்தார். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை என் பதிவு எண்ணோடு சேர்த்து ஒரு பக்கக் கடிதமாக அனுப்பினேன். அந்த வாரமே பணம் வந்தது. ஆனால் உன் ஸ்கிரீன்ஷாட் ஆளுக்கு இந்தச் சட்டம் பயன்படாது. அவர் செய்தது மோசடி, அது காவல்துறைக்கு உரியது. காசு ஏற்கெனவே போய்விட்டதால் இனியும் தள்ளிப்போடாமல் 1930இலும் சைபர் குற்ற இணையதளத்திலும் பதிவு செய். அவருடைய தொலைபேசி எண்ணையும், பேச்சு முழுவதையும், அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திரு.

கடைசியாக, காசை மாற்றிவைத்தவரின் பெயரையும் முகவரியையும் குழுவில் போடலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் விருப்பமில்லை. உன்னிடம் வீடியோ இல்லை. அவர் மறுத்து அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நீதான் அலைய வேண்டும். குழுவை நடத்துகிறவரிடம் மட்டும், நீ எடுத்த பழைய படத்தையும் திரும்பி வந்த காசின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டு; அந்த ஆளை ஏலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அடுத்த ஏல அறிவிப்பை எழுதி முடித்ததும், குழுவில் போடுவதற்கு முன்பு எனக்கு ஒரு படி அனுப்பு. நிபந்தனைகளை ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வராஜ்